பதில் போடக்கூடாத கடுதாசி

என்ன பேரப்புள்ள, பல்கலைக்கழகத்துல வேலையாமே! ஈ-லேர்னிங் செல்லாமே! கழுத்துல தொங்குத அட்டையைப் பாத்தாலே தெரியுது, பெரிய இடத்துலதான் மாட்டியிருக்கன்னு. உக்காரு. மோரு குடி.

உங்க அம்மை எல்லாம் சொன்னா. ஆன்லைன்ல பாடம் நடத்துத அந்தத் தளத்துல பிள்ளைகளும் திண்டாடுது, வாத்தியார்மாரும் திண்டாடுதாவளாம். நீங்க சொல்லுத தகவல் ஒருத்தருக்கும் போய்ச் சேரலையாம். அதனால ‘கம்யூனிகேஷ’னைச் சரி பண்ண ஒரு கமிட்டி போட்டிருக்காவளாம். தலைவர் ஒருத்தர், ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர், பத்தாததுக்கு வெளியில இருந்து ஒரு கன்சல்டன்ட்டு. அவரு டவுன் ஓட்டல்ல ஏசி ஹால்ல வச்சு ரெண்டு நாள் வகுப்பு எடுத்தாராம். பொன்னாடை, பூச்செண்டு, மத்தியானம் பிரியாணி. ‘ஸ்டேக்ஹோல்டர் எங்கேஜ்மென்ட்’டுன்னு மூச்சுக்கு மூச்சு சொன்னாராம். யாருடே அந்த ஸ்டேக்ஹோல்டரு? நம்ம பிள்ளைகளா? பிள்ளைகள்னு சொன்னா அவருக்குக் கொடுக்குத காசைக் குறைச்சிருவாவளோ?

அது கெடக்கட்டும். பிள்ளைகள்ட்ட எப்படிப் பேசணும்னு முடிவு பண்ணுத கமிட்டியில ஒரு பிள்ளையாவது உண்டுமா?

இல்லியா. நெனச்சேன்.

நம்ம தெருவுல ஒருத்தி பி.எஸ்சி. மொத வருசம் படிக்கா. உங்க தளத்துல இருந்து வந்த மெயிலை எனக்குக் காட்டினா. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.லே நானு, இங்கிலீசு வாசிப்பேன். தலைப்பு என்ன தெரியுமா? ‘முக்கிய அறிவிப்பு’. எது முக்கியம்? அது தலைப்புல இல்ல. மொதப் பத்தி: பல்கலைக்கழகம் தரமான கல்வி வழங்குவதில் உறுதியோடு இருக்கிறது. சரி, இருக்கட்டும். வேண்டாம்னு யாரு சொன்னா? ரெண்டாம் பத்தி: மாணவர் அனுபவத்தை மேம்படுத்தும் தொடர் முயற்சி. மூணாம் பத்தியில சர்வர் பேரும் வெர்சன் நம்பரும். நாலாம் பத்தியில, அதுவும் கடைசி வரியில, போனாப் போவுதுன்னு ஒரு தகவல்: சனிக்கிழமை ராத்திரி 10 மணியில இருந்து ஞாயித்துக்கிழமை காலம்பற 6 மணி வரைக்கும் தளம் இயங்காது.

அவளுக்கு அசைன்மென்ட் ஒப்படைக்கக் கடைசி நேரம் எப்பம்? அதே சனிக்கிழமை ராத்திரி 11.59.

அவ நாலாம் பத்திக்கு வரவே இல்ல. எவன்டே வருவான்? எழுதினவரே ரெண்டாம் தரம் வாசிச்சிருக்க மாட்டாரு. ராத்திரி பத்தரைக்கு மொட்டை மாடியில நின்னுக்கிட்டு அனுப்புதா, போன்ல வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு. நெட்டு தீந்து போச்சுன்னு நெனச்சு அப்பன்ட்ட சண்டைக்குப் போயிட்டா. அவன் கொத்தனார் வேலைக்குப் போயிட்டு அலுத்து வந்து படுத்தவன். எந்திச்சு, கண்ணைக் கசக்கிக்கிட்டு, ஜிபேயில ரீசார்ஜ் பண்ணிக் குடுத்தான். அப்பமும் வட்டம்தான். விடிஞ்ச பொறவு அந்த மெயிலை முழுசா வாசிச்சுட்டு, ‘ஐயா, நேத்து இப்படி ஆயிட்டு, என்ன செய்யணும்?’னு அதுக்கே பதில் எழுதினா. போன வேகத்துல திரும்பி வந்துட்டு. அடியில பாத்தா, பொடி எழுத்துல, ‘இது தானாக அனுப்பப்பட்ட மின்னஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்.’

ஊருக்கெல்லாம் கடுதாசி போடுவியளாம், பதில் போடாதேன்னு அதுலயே எழுதியும் வைப்பியளாம். இந்த லட்சணத்துல கம்யூனிகேஷன் எங்க ஒடைஞ்சிருக்குன்னு தேட ஒரு கமிட்டி!

நம்ம ஊர்ல தமுக்கு அடிச்சுச் செய்தி சொன்ன காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தமுக்கு அடிக்கவரு தெரு முக்குல நின்னு நாலு அடி அடிப்பாரு. ‘இதனால் சகலமானவர்களுக்கும்’னு ஆரம்பிப்பாரு. அந்த ஒரு வரிதான் அலங்காரம். அடுத்த மூச்சுலயே விசயம் வந்துரும்: வெள்ளிக்கிழமை விடியக்காலம் மடை தொறக்காவ, வயக்காரவுக மம்பட்டியோட வாய்க்காலுக்கு வந்துரணும். யாரு, எப்பம், எங்க, என்னத்த எடுத்துட்டு வரணும், முடிஞ்சுது. திண்ணையில இருந்து ஒரு கெழவி கேப்பா, ‘எந்த மடைப்பா?’ நின்னு பதில் சொல்லுவாரு. ‘கீழ மடை ஆச்சி.’ அடுத்த தெருவுலயும் அதே கேள்வி வந்துதுன்னு வச்சுக்கோ, மூணாவது தெருவுல அவரே ‘கீழ மடை’ன்னு சேத்துச் சொல்லிருவாரு. யாரும் அவருக்கு ரெண்டு நாள் வகுப்பு எடுக்கல.

அந்த வேலையை ஒரு கூட்டத்தார் தலையிலயே கட்டி வச்சது ஊரு செஞ்ச அநியாயம், அதையும் சொல்லிருதேன். 2022ல தலைமைச் செயலாளரே இனிமே தண்டோரா போடக்கூடாது, வண்டியில ஒலிபெருக்கி வச்சுச் சொல்லுங்கன்னு கலெக்டர்மாருக்கு எழுதிட்டாரு. நல்ல காரியம். தமுக்கு போவட்டும். கேட்ட கேள்வியை அடுத்த தெருச் செய்தியில சேத்துச் சொன்னாரே, அந்தப் புத்தியுமாடே போவணும்?

உங்க தளம் மூடுல்தான? முழிக்காத, எல்லாம் கேட்டு வச்சிருக்கேன். அதுல ஒவ்வொரு பாடத்துலயும் ‘அறிவிப்புகள்’னு ஒரு பலகை இருக்கும். வாத்தியார் எழுதலாம், பிள்ளை எழுத முடியாது. எல்லாரையும் கட்டாயமாச் சேத்து வச்சிருக்கும், விலகிப் போவவும் முடியாது. நான் அதைக் குத்தம் சொல்லல. அறிவிப்புன்னா அப்படித்தான். ஆனா பக்கத்துலயே கேள்வி கேக்கதுக்குன்னு இன்னொரு பலகையைத் தொறந்து வைக்கலாமே. ரெண்டு நிமிச வேலை. உங்க இடத்துல எத்தனை பாடத்துல தொறந்திருக்காவ? தொறந்த இடத்துல எத்தனை கேள்விக்குப் பதில் இருக்கு? போய் எண்ணிப் பாரு. ஆனியில கேட்ட கேள்வி கார்த்திகையிலயும் அங்கனயே உக்காந்திருக்கும்.

அதுல இன்னொரு கூத்து கேளு. வாத்தியார் போட்ட அறிவிப்பு தளத்துக்குள்ள உடனே தெரியும், மெயிலா மட்டும் உடனே போவாது. எழுத்துப்பிழை இருந்தாத் திருத்திக்கட்டும்னு 30 நிமிசம் பொறுத்திருக்கும். நீங்க மாத்தி வைக்காத வரைக்கும் அதுதான் கணக்கு. நல்ல எண்ணம்தான். ஒரு வாத்தியார் காலம்பற எட்டே முக்காலுக்கு, ‘ஒன்பது மணி வகுப்பு இன்னைக்குக் கிடையாது’ன்னு போட்டாரு. மெயில் கெளம்பினது ஒன்பதே காலுக்கு. அதுக்குள்ள பிள்ளைக ரெண்டு பஸ்ஸு மாறி வந்து, பூட்டின வகுப்பு முன்னால நிக்கி. வாத்தியார் சொல்லுதாரு, ‘நான் நேரத்தோடயே சொல்லிட்டேன்.’ பிள்ளைக சொல்லுது, ‘எங்களுக்கு வரல.’ ரெண்டு பேருமே பொய் சொல்லல பாத்துக்கோ. தாமதிக்காம அனுப்புன்னு அந்தப் பக்கத்துலயே ஒரு கட்டம் இருக்கு, அதுல ஒரு டிக் அடிச்சிருந்தா சோலி முடிஞ்சிருக்கும். அந்தக் கட்டத்தை அவருக்கு யாரு சொல்லணும்? நீதாம்லே! தடிமனா ஒரு கையேடு அனுப்பி வச்சியே, அதுல அது எத்தனாவது பக்கத்துல கெடக்கு?

வாத்தியார்மாரை நீங்க ‘பயனர்’ கணக்குலயே சேக்கல. அவுகளும் அங்கன முழிச்சுக்கிட்டு நிக்கிதவுகதான். ஐம்பத்தஞ்சு வயசு தமிழ் வாத்தியார், பி.டி.எஃப். ஏத்தத் தெரியலன்னு யார்ட்ட போய்க் கேப்பாரு? உன்ட்ட கேட்டா, ‘ரொம்ப சிம்பிள் சார்’னு சொல்லுவ. அதுக்குப் பொறவு அவரு செத்தாலும் கேக்க மாட்டாரு. தெரியாதவன்ட்ட ‘சிம்பிள்’னு சொல்லுததை மொதல்ல விடு.

பொறவு இந்த 12.00 ஏ.எம். கடைசித் தேதி: வியாழக்கிழமை, 12.00 ஏ.எம்.னு போட்டிருக்காவ. அது எப்பம்டே? புதன்கிழமை ராத்திரி முடியுத நேரமா, வியாழக்கிழமை ராத்திரியா? உனக்குத் தெரியும், நீ கம்ப்யூட்டர் படிச்சவன். வகுப்புல பாதிப் பிள்ளைக வியாழக்கிழமை சாயங்காலம் காபித்தண்ணி குடிச்சுட்டு சாவகாசமா எழுத உக்காரும். அதுக்குள்ள கதவைப் பூட்டியாச்சு. ‘புதன் இரவு 11.59’னு எழுதினா கம்ப்யூட்டருக்கு வலிக்குமா? ஒரு நிமிசம் முன்னால தள்ளினா நூறு சண்டை மிச்சம்.

இந்தத் தளத்தை உண்டாக்கினவன் உங்க மாதிரி இல்லடே. மார்ட்டின் டூகியாமஸ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன். மேற்கு ஆஸ்திரேலியாவுல பாலைவனத்துக்குள்ள வளந்த பையன். பக்கத்துல பள்ளிக்கூடம் கிடையாது. ரேடியோவுலதான் பாடம். ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’னு பேரு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல அதை 1951ல தொடங்கினாவ, விமானத்துல வந்து வைத்தியம் பாக்குத டாக்டர்மாரோட ரேடியோவையே கடன் வாங்கி. மொதல்ல வாத்தியாரம்மா பேசுவாவ, பிள்ளைக கேக்கும். ஒரு பக்கமாவே ஓடினது கொஞ்ச காலம்தான். இது சரிப்பட்டு வராதுன்னு, பாடம் முடிஞ்சதும் கேள்வி-பதில் நேரம் வச்சுட்டாவ. நூறு மைலுக்கு அங்கிட்டு ஆட்டுப்பண்ணையில உக்காந்திருக்க பிள்ளை பட்டனை அமுக்கி, ‘டீச்சர், புரியல’ன்னு சொல்லலாம். அப்படிப் படிச்ச பையன் வளந்து, பெர்த் பக்கம் கர்ட்டின் பல்கலைக்கழகத்துல உன்னை மாதிரியே ஒரு தளத்தைப் பாத்துக்கிடுத வேலைக்கு வந்தான். அப்பம் இருந்தது வெப்சிடின்னு வேற ஒண்ணு. அது பிடிக்காமத்தான் தானே ஒண்ணு செய்ய உக்காந்தான். 2002 ஆகஸ்ட்டுல மூடுல் வெளிய வந்துது. காசு கிடையாது, யாரும் எடுத்துக்கிடலாம், பிரிச்சு மேயலாம். ஆளுக்காள் பேசிப் பழகித்தான் அறிவு வளரும்னு நம்பினவன் கட்டின வீடுலே அது. அதுல குடியேறி ஜன்னலை எல்லாம் அடைச்சுட்டு, காத்து வரலைன்னு கமிட்டி போடுதிய.

அதுக்கும் முந்தின கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல 1960லயே கம்ப்யூட்டர் வச்சுப் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாவ. பிளேட்டோன்னு பேரு. அந்த கிரேக்கத்துக் கெழவன் இல்ல, கம்ப்யூட்டருக்கே அந்தப் பேரு. ஆரம்பத்துல, கோளாறு இருந்தா எழுதுங்கன்னு ஒரு பொதுக் கோப்பைத் தொறந்து போட்டிருந்தாவ. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் அழிச்சுருவான், யாரு எழுதினான்னும் தெரியாது. இதுக்கு ஒரு வழி பண்ணுடான்னு டேவிட் வூலின்னு ஒரு பையன்ட்ட சொன்னாவ. 17 வயசு. 1973 ஆகஸ்ட்டுல அவன் ஒண்ணு செஞ்சு குடுத்தான். அதுல மூணு பகுதி: நிர்வாகத்தோட அறிவிப்பு ஒண்ணு, உதவி கேக்கதுக்கு ஒண்ணு, எல்லாரும் பேசதுக்கு ஒண்ணு. யாரு எழுதினதுன்னு தெரியும், அழிக்க முடியாது, கேள்விக்குக் கீழயே பதில் நிக்கும். அம்புட்டுதான். பிளேட்டோவுல சனங்க கூடிப் பேச ஆரம்பிச்சதே அதுல இருந்துதான். மீசை மொளைக்காத பயலுக்கு அம்பது வருசத்துக்கு முன்னால தோணினது, உங்க கமிட்டிக்கு பிரியாணி சாப்பிட்ட பொறவும் தோணலியே!

நீ சொல்லப் போறது எனக்குத் தெரியும். ‘தாத்தா, எங்கட்ட சாட்பாட் இருக்கு.’ பாத்தேன்லே அதையும். ஓரத்துல ஒரு பொம்மை கும்பிடுது. ‘பாஸ்வேர்டு மறந்துட்டு’ன்னு அடிச்சா, ‘உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை, தொடர்புடைய இணைப்புகளைக் காண்க’ங்குது. இணைப்பை அமுக்கினா, பாஸ்வேர்டு குடுத்து உள்ள வான்னு சொல்லுது. சவம், சிரிக்கவா அழவா?

கருத்துக் கேப்புன்னு ஒரு பாரம் வேற. எப்பம் கேக்காவ? செமஸ்டர் முடிஞ்ச பொறவு. முழுசா நிரப்பினாத்தான் ஹால் டிக்கெட்டுன்னு ஒரு பூட்டு. பிள்ளை என்ன செய்யும்? எல்லாத்துக்கும் ‘மிக நன்று’ அமுக்கிட்டுப் போயிரும். அதை வச்சு நீங்க வண்ண வண்ணமாப் படம் வரைஞ்சு, மேலதிகாரிட்ட காட்டி, கைதட்டு வாங்குவிய. சொன்னதைக் கேட்டு என்னத்த மாத்தினியன்னு பிள்ளைகளுக்கு ஒரு வரி எழுதினது உண்டுமா? ‘போன பருவத்துல நீங்க சொன்னிய, ராத்திரி சர்வரை நிப்பாட்டாதியன்னு, இனிமே விடியக்காலம் மூணு மணிக்குத்தான் நிப்பாட்டுவோம்.’ இப்படி ஒரே ஒரு வரி வரட்டும், அடுத்த பாரத்தை எவனும் கண்ணை மூடிக்கிட்டு நிரப்ப மாட்டான்.

நீங்க பேசாத இடத்துல சனங்க சும்மா இருப்பாவளா? வாட்சப்புக்குப் போயிட்டாவ. வகுப்புக்கு ஒரு குரூப்பு, பாடத்துக்கு ஒரு குரூப்பு, வாத்தியார் இல்லாத குரூப்பு ஒண்ணு. ‘குட் மார்னிங்’ பூவுக்கும், பொறந்தநாள் கேக்குக்கும் நடுவுல பரீட்சைத் தேதி கெடக்கும். தேடி எடுக்கதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சுரும். நம்ம தெருப் பிள்ளைன்னு சொன்னேம்லா, அவ நம்பரு இப்பம் அறுபது பேர் கையில. அதுல பாதிப் பேரை அவ கண்ணால கண்டது கிடையாது. யாரோ ஒருத்தன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ‘சாப்டாச்சா’ன்னு கேக்கானாம். இதுக்கு யாருடே பொறுப்பு? வாட்சப்பைத் தடை பண்ணிச் சுத்தறிக்கை விடாத. உங்க இடத்துல கேட்டா உடனே பதில் கெடைக்கும்னு தெரிஞ்சா அவ ஏன் அங்க போறா?

எம்.ஏ. தமிழ் படிக்கவனுக்கு வேதியியல் லேப் தேதி மாறின மெயில் எதுக்குப் போவுது? எல்லாருக்கும் அனுப்புன்னு ஒரு பட்டன் இருக்குன்னு அதையே அமுக்காத. பத்து மெயில் தனக்கு இல்லாதது வந்தா, பதினொண்ணாவது தனக்கு வந்ததையும் பிள்ளை தொறக்காது. அசைன்மென்ட் குடுக்காதவன் யாருன்னு மட்டும் வடிச்சு எடுக்க வாத்தியார் பக்கத்துல வழி இருக்கு. அவனுக்கு மட்டும் ரெண்டு நாளைக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். குடுத்தவனை எதுக்குத் தொந்தரவு பண்ணுத?

இன்னொண்ணு கேட்டியா, மூடுலுக்குத் தமிழும் தெரியும். மொழிப்பொதி இருக்கு, இலங்கைத் தமிழுக்குத் தனியாவே இருக்கு. உங்க ஆட்கள் பூட்டிப் பாத்திருப்பாவளா? தமிழ் மீடியத்துல பன்னெண்டு படிச்சுட்டு, வீட்டுலயே மொத ஆளா காலேஜுக்கு வந்த பிள்ளைட்ட, ‘யுவர் செஷன் ஹேஸ் டைம்டு அவுட்’டுன்னு சொன்னா அது என்னத்த நெனைக்கும்? பரீட்சையில இருந்தே வெளிய தள்ளிட்டாவன்னு பயந்துருக்கு ஒண்ணு. ‘ரொம்ப நேரமா சும்மா இருந்துட்டீங்க, மறுபடி உள்ள வாங்க’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?

உனக்கு ஒரு வேலை சொல்லுதேன், செய்வியா? நாளைக்கு மொத வருசப் பிள்ளை ஒண்ணு பக்கத்துல போய் உக்காரு. ஏசி ரூம்ல கூப்பிட்டு இல்ல, அது இருக்க இடத்துக்குப் போயி. அது போனுலயே, அது நெட்டுலயே. ‘நீ பாட்டுக்கு அசைன்மென்ட்டை ஏத்தும்மா’ன்னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கோ. அதுதான் கஷ்டம் உனக்கு. பிள்ளை எங்க நிக்கி, எதை ரெண்டு தரம் அமுக்குது, எந்த இடத்துல உன் மூஞ்சியைப் பாக்குன்னு மட்டும் கவனி. ஏத்தி முடிச்ச பொறவு, ‘போயிட்டா இல்லியா’ன்னு அது முழிக்கும் பாரு, அங்கன நில்லு. அனுப்பின மாதிரியும் இருக்கும், இன்னும் வரைவாத்தான் கெடக்கும். கடைசியா ‘ஒப்படை’ன்னு ஒரு பட்டன் கீழ இருந்திருக்கும், போன் திரையில தெரிஞ்சிருக்காது. அதை நீ ஆபீசுல பெரிய திரையில பாக்கவன், உனக்கு எப்படித் தெரியும்?

சரி, பேனாவை எடு. வர சனிக்கிழமையும் சர்வரை நிப்பாட்டப் போறியளாமே, போன தடவை மாதிரியே. நான் சொல்லச் சொல்ல எழுது. தலைப்பு: ‘சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை தளம் இயங்காது’. அதுக்குக் கீழ: ‘சனி இரவு ஒப்படைக்க வேண்டிய எல்லா அசைன்மென்ட்டுக்கும் திங்கள் இரவு 11.59 வரை நேரம் உண்டு. நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.’ அடுத்த வரி: ‘சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். வெள்ளி மாலை 5 மணிக்குள் எழுதினால் அன்றே பதில் வரும்.’ அடியில உன் பேரு. டிபார்ட்மென்ட் பேரு இல்லலே, உன் பேரு. அதுக்குக் கீழ இதையே இங்கிலீசுல போடு, வெளிமாநிலப் பிள்ளைகளும் இருக்கும். உறுதிப்பாடு, தொடர் முயற்சி எல்லாம் வேண்டாம், அதையெல்லாம் பட்டமளிப்பு விழாவுல பேசிக்கிடட்டும்.

என்ன, எழுதிட்டு முழிக்க? அனுப்பதுக்கு யாரு கையெழுத்துப் போடணும்? டைரக்டரா? அவருக்கு முன்னால டெபுடி ரிஜிஸ்ட்ராரா? கமிட்டித் தலைவரும் ஒரு தரம் பாக்கணுமா, அவரு வெளியூருல இருக்காரா? இன்னைக்கே புதன்கிழமை ஆயிட்டே! பொறவு இன்னும் எதுக்குலே இங்கன உக்காந்திருக்க? மூணு மணி பஸ்ஸு போயிரும், ஓடு.